தூக்குச்சட்டியில் ஏறிவந்த செம்பு

செம்புத் தடம் – 9

சென்ற இதழில் வைப்பாற்றங்கரையில் நின்றோம். 2022 மார்ச்சில் தொடங்கிய வெம்பக்கோட்டை அகழாய்வில், சங்கு வளையல்களுக்கும் சுடுமண் பொம்மைகளுக்கும் நடுவே செப்புக் காசுகள் கிடைத்ததைப் பார்த்தோம். விருதுநகர் மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். செம்புச் சுரங்கம் கிடையாது. எனவே அந்தக் காசின் செம்பு வெளியூர்ச் சரக்கு. ராஜஸ்தானின் கேத்ரியிலும் ஜார்க்கண்டின் சிங்பூமிலும் இன்றுவரை வெட்டி எடுக்கப்படுவது பெரும்பாலும் சால்கோபைரைட் என்னும் தாது. பித்தளை நிறத்தில் மினுங்கும். அதற்குள் செம்பும் இரும்பும் கந்தகமும் கலந்து கிடக்கும். கந்தகத்தைச் சிவகாசிக்காரர்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அதை எரித்து விரட்டி, இரும்பைக் கசடாக ஒதுக்கிய பிறகுதான் செம்பு கண்ணில் படும்.

உலையே இல்லாமல், வெட்டிய இடத்திலேயே செம்பு செம்பாகக் கிடைத்த நிலம் ஒன்று உண்டு. பாறையைப் பிளந்தால் உள்ளே உலோகம். கழுவித் துடைத்தால் அப்படியே குடம் அடிக்கலாம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், சுப்பீரியர் ஏரிக்குள் நீண்டு கிடக்கும் கீவினா தீபகற்பம்தான் அது. இப்படி உலோகமாகவே கிடைக்கும் தனிச்செம்பு வேறு பல இடங்களிலும் கொஞ்சம் கொஞ்சமாக அகப்படும். ஆனால் தனிச்செம்பையே நம்பி நூறாண்டுக்கு மேல் பெரிய அளவில் சுரங்கம் நடந்தது கீவினாவில்தான்.

அங்கு மட்டும் ஏன்? சுமார் 110 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த நிலம் பிளந்து எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக வழிந்தது. குழம்பு ஆறும்போது வாயு வெளியேறி, ஒவ்வோர் அடுக்கின் மேல்பரப்பிலும் குமிழி குமிழியாகப் பொந்துகளை விட்டுச்சென்றது. அந்த வாயுவோடு கந்தகமும் பெரும்பாலும் போய்விட்டது. பின்னாளில் ஆழத்திலிருந்து செம்பைக் கரைத்துக்கொண்டு வெந்நீர் ஏறிவந்தபோது, செம்போடு சேரக் கந்தகம் இல்லை. அதனால் செம்பு தனியாகவே பொந்துகளிலும் விரிசல்களிலும் படிந்தது. சில இடத்தில் மெல்லிய தகடு, சில இடத்தில் கிளை விட்ட படிகம், சில இடத்தில் வீடளவு பாறாங்கட்டி.

முதலில் அதைக் கையில் எடுத்தவர்கள் அந்த மண்ணின் பழங்குடிகள். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல் சம்மட்டியால் பாறையை உடைத்துச் செம்பைப் பிரித்து, தட்டித் தட்டி ஈட்டிமுனையும் கத்தியும் செய்தார்கள். அவர்கள் தோண்டிய குழிகள் ஐல் ராயல் தீவிலும் தீபகற்பத்திலும் இன்னும் தெரிகின்றன. பின்னால் வந்த ஓஜிப்வே மக்களுக்குச் செம்பு, நீருக்கடியில் வாழும் ஆற்றல் மிக்க ஓர் உயிரின் உடைமை. நினைத்த மாத்திரத்தில் எடுத்து விற்கக்கூடிய பொருளாக அதை அவர்கள் கருதவில்லை.

ஓண்டனகன் ஆற்றங்கரையில் கிடந்த ஒரு செப்புப் பாறையின் கதை இதைச் சொல்லும். எடை சுமார் 1,680 கிலோ. டெட்ராய்ட் நகர வணிகர் ஜூலியஸ் எல்ட்ரெட் 1841-இல் அதை ஓஜிப்வேக்களிடமிருந்து விலை பேசி வாங்கி, 1843-இல் காட்டு வழியாக இழுத்து ஏரிக்குக் கொண்டுவந்தார். வந்த வேகத்தில் அமெரிக்க அரசு அதைத் தன்னுடையது என்று சொல்லி வாஷிங்டனுக்குக் கொண்டுபோய்விட்டது. எல்ட்ரெட்டுக்குப் பின்னர் இழப்பீடு கிடைத்தது. பாறை இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் உடைமை. கீவினா வளைகுடாப் பழங்குடியினர் அதைத் திருப்பிக் கேட்டுப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. எல்ட்ரெட் பாறையை வாங்கியதற்கும் இழுத்துவந்ததற்கும் இடையில், 1842-இல் லா பாயிண்ட் ஒப்பந்தத்தின் வழியாக அந்த நிலம் முழுவதுமே ஓஜிப்வேக்கள் கையைவிட்டுப் போயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு மாநிலப் புவியியலாளர் டக்ளஸ் ஹாட்டன் அங்கே செம்பு இருக்கிறது என்று எழுதிய அறிக்கை வெளிவந்திருந்தது. ஒப்பந்தத்தின் மை உலர்வதற்குள் சுரங்கம் தேடி ஆட்கள் வந்து குவிந்தார்கள்.

கம்பெனிகள் வந்தன. 1845-இல் வேலை தொடங்கிய கிளிஃப் சுரங்கம் நாலே ஆண்டில் பங்குதாரர்களுக்கு லாபம் கொடுத்தது. பாறை தெரிந்த தொழிலாளிகள் வேண்டும் என்று இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வாலிலிருந்து ஆட்களை வரவழைத்தார்கள். வெள்ளீயமும் செம்பும் வெட்டி வெட்டித் தலைமுறை தலைமுறையாகப் பழகியவர்கள். பிறகு அயர்லாந்துக்காரர்கள், ஜெர்மானியர்கள், பின்லாந்து, குரோவேஷியா, இத்தாலி என்று வரிசை நீண்டது.

கார்ன்வால்காரர்கள் தங்களோடு கொண்டுவந்த வெடிமருந்து வித்தை நம் ஊரோடு நேராக வந்து சேர்வதால் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பாறையில் துளை போட்டுக் கறுப்பு மருந்தைக் கொட்டுவார்கள். அதற்குள் மெல்லிய கம்பி ஒன்றைச் செருகி, சுற்றிலும் களிமண்ணை வைத்து இறுக இடிப்பார்கள். கம்பியை உருவினால் மருந்து வரைக்கும் ஒரு சிறு வழி திறக்கும். மருந்து அடைத்த வைக்கோல் தண்டையோ இறகுக் குழலையோ அந்த வழியில் விட்டுப் பற்றவைத்துவிட்டு ஓட வேண்டும். கம்பி இரும்பாக இருந்தால் உருவும்போது பாறையில் உரசிப் பொறி கிளம்பும். அப்படிக் கண்ணையும் கையையும் உயிரையும் இழந்தவர்கள் ஏராளம். செப்புக் கம்பி பொறி தராது. ஆனால் செம்பு மென்மையானது, சீக்கிரம் வளைந்துவிடும், விலையும் கூடுதல். அதனால் செப்புக் கம்பி இருப்பது தெரிந்தும் பல இடங்களில் இரும்பையே வைத்து ஓட்டினார்கள். 1872-இல் பிரிட்டனின் சுரங்கச் சட்டங்கள் இரும்புக் கம்பியைத் தொழிலாளி கையில் வைத்திருக்கவே கூடாது என்று தடுத்தன. செம்பு வெட்டப் போனவனின் உயிரைச் செம்பே காக்க வேண்டியிருந்தது.

திரியும் கார்ன்வாலில் பிறந்ததுதான். தோல் வணிகரான வில்லியம் பிக்ஃபோர்டு, கயிறு திரிக்கும் பட்டறையில் கண்ட முறையைக் கொண்டு, நடுவில் மருந்து ஓட வைத்துச் சுற்றிலும் நூல் முறுக்கிய பாதுகாப்புத் திரியை 1831-இல் உருவாக்கினார். ஓர் அடிக்கு இவ்வளவு நேரம் என்று கணக்காக எரியும். தாமஸ் டேவி என்ற சுரங்கத் தொழிலாளி அவருடைய தொழிலில் பங்காளியாக இருந்தார். திரிக்கு வழங்கும் பெயரோ பிக்ஃபோர்டின் பெயர் மட்டும். சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் வீட்டுத் திண்ணைகளில் கருந்திரி உருட்டும் பெண்களின் வேலையும், அவர்களுக்கு நேரும் விபத்தும் இந்தத் திரியின் வரலாற்றில் சேர்ந்ததுதான். எந்தப் புத்தகமும் அதை அங்கே சேர்க்கவில்லை.

மீண்டும் கீவினாவுக்கு. தனிச்செம்புச் சுரங்கத்தில் வெடிமருந்துக்கு ஒரு வேடிக்கையான தோல்வி உண்டு. மற்றப் பாறை வெடிக்கு உடையும், செம்பு உடையாது. நெளியும், கிழியும், அப்படியே நிற்கும். பெரிய கட்டி தென்பட்டால் அதன் பின்புறம் பாறையைக் குடைந்து, பீப்பாய் பீப்பாயாக மருந்தை அடைத்து வெடித்துக் கட்டியைச் சுவரிலிருந்து பெயர்ப்பார்கள். அதன்பின் கையால்தான் வெட்ட வேண்டும். ஒருவர் உளியைப் பிடிக்க, இரண்டு பேர் சம்மட்டியால் மாறி மாறி அடிக்க, நாடா நாடாவாகச் செம்பைச் செதுக்கி எடுத்து ஒரு பள்ளம் வெட்டுவார்கள். 1857-இல் அந்த வட்டாரத்து மினசோட்டா சுரங்கத்தில் அகப்பட்ட கட்டி ஏறத்தாழ 500 டன். அதைத் துண்டாக்கி மேலே ஏற்ற 20 பேருக்கு ஓராண்டுக்கும் மேல் ஆனது.

கம்பெனி தன் செம்பை மூன்றாகப் பிரித்துக் கணக்கு வைத்தது. கட்டிச் செம்பு, பீப்பாயில் போடும் அளவுத் துண்டுச் செம்பு, பாறையோடு சேர்த்து நீராவி உலக்கைகளில் இடித்துப் பிரிக்கும் பொடிச் செம்பு. கணக்கேட்டில் இருந்தவை இந்த மூன்றுதான். நான்காவது ஒன்று இருந்தது. அது தொழிலாளியின் தூக்குச்சட்டியில் ஏறி வந்தது.

மெழுகுவத்தி வெளிச்சத்தில் பாறைப் பொந்தைத் திறக்கிறார் ஒருவர். உள்ளே முனை மழுங்காத செப்புப் படிகம், இலை விட்ட செடியைப் போல் கிளைத்து நிற்கிறது. பக்கத்தில் கண்ணாடித் தெளிவான கால்சைட். அதற்குள்ளேயும் செப்புத் துணுக்கு மிதக்கிறது. இதை வாரித் தள்ளினால் இடி உலக்கையில் நசுங்கிப் பொடியாகும். எடையில் சில அவுன்ஸ் கூடும், அவ்வளவுதான். அவர் அதைப் பெயர்த்து எடுத்துத் துணியில் சுற்றி, மதியம் சாப்பிட்டுக் காலியான தகரப் பாத்திரத்தில் வைத்து மூடுகிறார். அந்தப் பாத்திரத்தில் காலையில் வந்தது இறைச்சியும் கிழங்கும் வைத்துச் சுட்ட மாவுப் பண்டமும் தேநீரும். உலக அருங்காட்சியகங்களில் இன்று கண்ணாடிக்குள் இருக்கும் கீவினாப் படிகங்களில் பல மேலே வந்தது இந்த வழியாகத்தான்.

சட்டப்படி பார்த்தால் அது கம்பெனியின் சொத்து, எடுத்தது திருட்டு. நடைமுறையில் மேஸ்திரிகள் பலர் கண்டும் காணாமல் இருந்தார்கள். செம்பின் விலைக்குச் சட்டி நிறையப் போனாலும் பெரிய இழப்பில்லை. வெள்ளி விஷயம் வேறு. கிளிஃப் முதலிய சுரங்கங்களில் செம்போடு ஒட்டியே வெள்ளியும் இருந்தது. அந்த வெள்ளியில் பெரும்பகுதி கம்பெனிக் கணக்குக்கு வராமலே போயிற்று. ஒரு மக்கள் கூட்டத்திடமிருந்து தீபகற்பத்தையே எடுத்துக்கொண்டதை ஒப்பந்தம் என்றும், சட்டியில் ஒரு கல்லை எடுத்துவந்ததைத் திருட்டு என்றும் சொல்லும் அகராதியை நான் ஏற்கவில்லை.

எடுத்துவந்தவர்களுக்குக் கல்லின் அருமை எப்படித் தெரிந்தது என்று சிலர் வியப்பார்கள். அவர்களுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? நாளெல்லாம் ஒரே பாறையைப் பார்க்கும் கண், அதில் மாறுபட்டு நிற்பதை முதலில் பிடித்துவிடும். கார்ன்வாலில் இது பழைய வழக்கம். ஃபிலிப் ராஷ்லி என்ற நிலக்கிழார் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சுரங்கங்களிலிருந்து அரிய கனிமங்களைத் திரட்டிப் படங்களோடு 1797-இலும் 1802-இலும் நூல்கள் வெளியிட்டார். அவருடைய சேகரிப்பு ட்ரூரோ நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கல்லையும் பொந்திலிருந்து கையால் வாங்கியவர் ராஷ்லி அல்லர்.

கீவினாவிலும் இதே கதைதான். தொழிலாளியின் வீட்டு அலமாரியிலிருந்து கல் சேகரிப்பவர் கைக்கும், அங்கிருந்து கல்லூரிக்கும் போனது. மாநிலப் புவியியலாளராக இருந்த லூசியஸ் ஹப்பர்டின் சேகரிப்பு மிச்சிகன் பல்கலைக்கழகத்தை அடைந்தது. ஹாட்டன் நகரில் ஏ. ஈ. சீமன் என்ற பேராசிரியரின் பெயரில் கனிம அருங்காட்சியகம் இருக்கிறது. உலகின் மிகச் சிறந்த தனிச்செம்புத் தொகுப்புகளில் ஒன்று அங்கேதான். சீட்டில் கனிமத்தின் பெயர், சுரங்கத்தின் பெயர், நன்கொடையாளர் பெயர் இருக்கும். பொந்தைத் திறந்தவர் பெயர் அநேகமாக எதிலும் இருக்காது. அந்த இடத்தைத்தான் இந்தத் தொடரில் முடிந்தவரை நிரப்பப் பார்க்கிறேன்.

அவர்கள் வாழ்க்கை அந்தப் படிகம் போல் அழகாக இல்லை. ஒரு துளைக் கருவியை இருவர் இயக்கிய இடத்தில் ஒருவரே இயக்கும் கருவியைக் கம்பெனிகள் புகுத்தின. பக்கத்தில் ஆள் இல்லாமல் பாறை விழுந்தால் கத்தினாலும் கேட்க நாதியில்லை. அந்தக் கருவிக்கு அவர்கள் வைத்த பெயரே விதவையாக்கி. 1913 ஜூலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை, கலூமெட் நகரின் இத்தாலியன் ஹாலில் வேலைநிறுத்தக்காரர்களின் குடும்பங்கள் கூடியிருந்தபோது, தீ என்று யாரோ கத்தினார்கள். தீ இல்லை. மாடிப்படியில் நெரிந்து 73 பேர் இறந்தார்கள்; பெரும்பாலானோர் குழந்தைகள். 1914 ஏப்ரலில் தொழிலாளர்கள் தோற்று வேலைக்குத் திரும்பினார்கள். 1960-களின் முடிவில் அந்தப் பழைய சுரங்கங்கள் மூடப்பட்டன.

இந்தியாவில் கீவினாப் பாறைக்கு நெருங்கிய உறவு தக்காணத்து எரிமலைப் பாறையில் இருக்கிறது. அங்கேயும் குழம்பு, குமிழி, பொந்து. உள்ளே நிறைந்தவை பெரும்பாலும் வெள்ளையும் பச்சையுமான சியோலைட், அபோஃபிலைட் வகைப் படிகங்கள். பம்பாயிலிருந்து மலையேறும் போர் கணவாய் ரயில் பாதையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வெட்டியபோது அகப்பட்ட படிகங்கள் ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்குப் போயின. புனே அருகே வாகோலி கல் குவாரிகளில் 1980-களின் இறுதியிலிருந்து கிடைத்த நீலநிறக் கேவன்சைட் உலகச் சேகரிப்பாளர்களின் கனவுப் பொருள். அதையும் முதலில் கண்டவர்கள் கல் உடைக்கும் கூலிகளும் கிணறு வெட்டுபவர்களும்தான்.

கார்ன்வால்காரர்கள் தமிழர்களோடு தோளுரசிய இடமும் உண்டு, கோலார் தங்கவயல். 1880-லிருந்து ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நடத்திய அந்தச் சுரங்கங்களில் கார்ன்வால் மேற்பார்வையாளர்களின் கீழ் வட ஆர்க்காடு, சேலம், தர்மபுரிப் பக்கத்துத் தமிழர்கள் பாறை உடைத்தார்கள். அவற்றில் ஒன்றான சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அங்கே சட்டியில் கல் ஏற வழியில்லை. தங்கம் என்பதால் காவல்படையும் தனிச் சட்டமும் இருந்தன. மேலே வரும் தொழிலாளியின் உடம்பையே சோதித்தார்கள். சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது. அதற்குள் பாறை வெடிப்பில் போனவர்களும், தூசியால் நுரையீரல் கெட்டவர்களும் எத்தனையோ பேர். அவர்கள் தேர்ந்தெடுத்து எடுத்துவைத்த கல் என்று காட்ட நம்மிடம் எதுவும் இல்லை. கீவினாத் தொழிலாளி விட்டுச்சென்ற அந்தச் சிறு சாட்சியம்கூடக் கோலார்த் தமிழனுக்கு மிஞ்சவில்லை என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் சோதனை எதிர்த்திசையில் நடக்கிறது. கோலாரில் வெளியே வரும்போது. இங்கே உள்ளே போகும்போது. தீப்பெட்டி, பீடி, செல்போன் எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது. காலையில் வேனில் வந்து இறங்குகிறவர்கள் கையில் தூக்குச்சட்டி மட்டும் உள்ளே போகும். மருந்து அறைக்குள் நுழையுமுன் வாசலிலுள்ள உலோகத் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஏறிய மின்னூட்டத்தை மண்ணுக்கு இறக்க வேண்டும் என்பது விதி. மண்ணுக்குள் போகும் அந்த இணைப்பில் செம்பு இருக்கும். உள்ளே புழங்கும் கருவிகள் மரமாகவோ, செம்பாகவோ, பித்தளையாகவோ இருக்க வேண்டும், இரும்பு ஆகாது. பிரிட்டனின் 1875 வெடிபொருள் சட்டம் விதித்த இந்த ஒழுங்குதான் நம் வெடிபொருள் விதிகளிலும் வந்து நிற்கிறது. அதன் பின்னே கார்ன்வால் சுரங்கத்தில் கண் இழந்தவர்கள் நிற்கிறார்கள். விதி மீறப்படும் இடத்தில் என்ன நடக்கும் என்பதை 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்து இந்தப் பகுதி அறிந்திருக்கிறது.

செம்பு இங்கே மருந்துக்குள்ளும் இருக்கிறது. ஃபேன்சி ரக வெடிகளின் மணி மருந்தில் சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்கு (2018-இல் தடை வரும்வரை) பேரியம், நீலத்துக்குச் செம்பின் உப்புகள். இவற்றில் கடினமானது நீலம். செம்பும் குளோரினும் சேர்ந்த மூலக்கூறு சுடரில் இருக்கும்வரை நீலம் ஒளிரும். சூடு மிஞ்சினால் மூலக்கூறு சிதைந்து நிறம் வெளிறிவிடும். சூடு குறைந்தால் ஒளியே மங்கிப்போகும். நல்ல நீலம் கொடுக்கத் தெரிந்த போர்மேனுக்கு இந்த வட்டாரத்தில் மதிப்பு அதிகம். அந்த அறிவு எந்தக் கல்லூரிச் சான்றிதழிலும் எழுதப்படவில்லை. படிகத்தைப் பார்த்ததும் தனியே எடுத்துவைத்த கீவினாக்காரரின் அறிவும் இதே இனம்.

சிவகாசியின் பழைய தீப்பெட்டி, பட்டாசு லேபிள்களை உலகெங்கும் சேகரிக்கிறார்கள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதையைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். ஆனால் தேய்ந்துபோன ஒரு மரச் சம்மட்டி, பித்தளைக் கரண்டி, மருந்து சலித்த சல்லடை, மணி உருட்டியவரின் தூக்குச்சட்டி இவற்றைச் சேர்த்துவைத்த இடம் எது? விருதுநகரில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. வெம்பக்கோட்டைச் செப்புக் காசுக்குக் கொடுக்கும் கண்ணாடிப் பேழையில் பாதி இடம் இவற்றுக்கும் கிடைக்க வேண்டும். கருவியைக் கொடுத்தவர் பெயரோடு, அதைப் பிடித்து வேலை செய்தவர் பெயரும் ஊரும் சீட்டில் எழுதப்பட வேண்டும். இன்னும் அந்தப் பெயர்களைச் சொல்லத் தெரிந்தவர்கள் திருத்தங்கலிலும் சாத்தூரிலும் உயிரோடு இருக்கிறார்கள். கீவினாவில் அந்தக் காலம் கடந்துவிட்டது.

உலையில்லாச் செம்பைப் பார்த்தாயிற்று. அடுத்த இதழில் சிங்பூமிலுள்ள காட்சிலாவுக்குப் போவோம். இந்தியன் காப்பர் கார்ப்பரேஷன் 1930 வாக்கில் மௌபண்டாரில் மூட்டிய உலையும், மொசாபனி சுரங்கத்தில் இறங்கிய சந்தால், ஹோ தொழிலாளர்களும், கந்தகப் புகை போன வழியும். அதன்பின் தூத்துக்குடி.